கார் இன்சூரன்ஸ் முடிந்துபோச்சா? பெங்களூரில் அவசரமாக பாலிசி எடுக்க முழுமையான வழிகாட்டி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார் இன்சூரன்ஸ் வாங்குவது இப்போது போனிலேயே பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலைதான், ஆனால் பணம் கட்டிய மெசேஜ் வந்த உடனே கார் கவர் ஆகிவிட்டது என்று நினைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பாலிசியில் எந்தத் தேதி, எத்தனை மணி முதல் என்று போட்டிருக்கிறதோ அந்த நேரம் முதல்தான் கம்பெனிக்குப் பொறுப்பு. நேரம் குறிப்பிட்டிருந்தால் அந்த நேரத்திலிருந்துதான் பாலிசி தொடங்கும், அன்றைக்குக் காலையில் நடந்த விபத்துக்குச் சாயங்காலம் எடுத்த பாலிசி பதில் சொல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990களிலேயே தெளிவாக்கிவிட்டது. அவசரத்தில் எல்லோரும் விலையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது தொடக்க நேரத்தை.

கார் இருக்கிற இடத்திலேயே நிற்கட்டும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலத்துக்கோ வேலூருக்கோ கிளம்பும்போதுதான் நம்மில் பலருக்கு இன்சூரன்ஸ் ஞாபகமே வருகிறது. சில்க் போர்டு தாண்டி அத்திப்பள்ளி டோல் வரைக்கும் யாராவது நிறுத்துவார்களா, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. போலீஸ் நிறுத்தினால் அபராதம் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய், சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் இருக்கிறது (மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 196). ஆனால் உண்மையான பயம் அபராதம் இல்லை. அவுட்டர் ரிங் ரோட்டில் உங்கள் பம்பர் ஒரு டெலிவரி பையனின் பைக்கைத் தட்டி, அவன் கால் உடைந்தாலோ அதைவிட மோசமாக ஆனாலோ, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதும் கார் உரிமையாளர் கையிலிருந்துதான் போக வேண்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்டு பார்ட்டி கவரில் (உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான கவர்) உச்சவரம்பே கிடையாது, அதாவது தீர்ப்பாயம் எவ்வளவு சொன்னாலும் கம்பெனி கட்டும். பாலிசி இல்லாதபோதும் அந்தத் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது, கட்டப்போவது மட்டும் நீங்கள். கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் அடிபட்டவன் குடும்பம் வருஷக்கணக்கில் அலைய வேண்டும். அதனால் பாலிசி தொடங்கும் வரை ஊருக்கு பஸ்ஸில் போங்கள், ஆபீசுக்கு மெட்ரோவிலோ ஆட்டோவிலோ போங்கள்.

உங்கள் நிலைமை எது?

என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் பாலிசி எப்போது முடிந்தது என்பதைப் பொறுத்தது. பழைய பாலிசியின் முதல் பக்கத்தில் முடிவுத் தேதி இருக்கும். பேப்பர் கிடைக்கவில்லையென்றால் அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை என்று காட்டும்.

இன்றைக்கு நள்ளிரவுதான் முடிகிறது என்றால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. இப்போதே ரினியூ செய்தால் இன்ஸ்பெக்‌ஷன் எதுவும் இல்லாமல், பழையது முடிந்த அடுத்த நிமிடத்திலிருந்து புதியது தொடங்கும். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம், போய் ரினியூ செய்யுங்கள்.

முடிந்து 90 நாளுக்குள் இருந்தால் ஃபுல் இன்சூரன்ஸுக்கு (தேர்டு பார்ட்டியும், உங்கள் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜும் சேர்ந்தது) வண்டியைக் காட்டச் சொல்வார்கள், ஆனால் நீங்கள் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் பத்திரமாக இருக்கும். கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம் வரை ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி தருவதுதான் இந்த போனஸ். 90 நாள் தாண்டினால் அது பூஜ்யத்துக்குப் போய்விடும். ஐந்து வருஷம் ஒழுங்காக ஓட்டிச் சேர்த்த 50 சதவீதம் ஒரு நாள் தாமதத்தில் போவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். 85வது நாளில் இருக்கிறவர்கள் இன்றைக்கே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

புதுக் கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்டு பார்ட்டி கட்டாயம். பலருக்கு ஓன் டேமேஜ் ஒரு வருஷத்தில் முடிந்திருக்கும், தேர்டு பார்ட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் சட்டப்படி ரோட்டில் ஓட்டலாம், உங்கள் காரின் சேதத்துக்கு மட்டும்தான் கவர் இல்லை. இந்த நிலையில் தனி ஓன் டேமேஜ் பாலிசி மட்டும் வாங்கினால் போதும். தெரியாமல் முழுப் பாலிசியும் வாங்கி, தேர்டு பார்ட்டிக்கு இரண்டு முறை காசு கட்டாதீர்கள்.

பக்கத்தைத் திறப்பதற்கு முன் கையில் எடுத்து வையுங்கள்

ஆர்.சி. (இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் அதில்தான் இருக்கிறது), பழைய பாலிசி, பான் கார்டு, ஆதார் இணைத்த போன், நாமினி பெயரும் பிறந்த தேதியும், கார் லோன் ஓடினால் பேங்க் பெயர். இவ்வளவுதான்.

இதில் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கேஒய்சி, அதாவது நீங்கள் யார் என்பதை ஆவணத்தோடு சரிபார்ப்பது. 2023 ஜனவரி முதல் எந்த இன்சூரன்ஸுக்கும் கேஒய்சி கட்டாயம். நம் தமிழ்நாட்டுப் பெயர்களில் இனிஷியல் ஒரு தலைவலி, ஆர்.சி.யில் 'எஸ் குமார்' என்று இருக்கும், பானில் அப்பா பெயர் முழுதாக விரிந்து 'குமார் செல்வராஜ்' என்று இருக்கும், ஆதாரில் வெறும் 'குமார்'. கம்ப்யூட்டர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும். அப்போது பானுக்குப் பதிலாக ஆதாரையோ, ஆதாருக்குப் பதிலாக பானையோ கொடுத்துப் பாருங்கள், அதுவும் ஆகவில்லையென்றால் அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு ஆவணத்தை அப்லோடு செய்ய லிங்க் கேளுங்கள். பெயரை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி அடித்து பாலிசியை வாங்கிவிடாதீர்கள், கிளெய்ம் நேரத்தில் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் வேண்டும் என்றால் தேர்டு பார்ட்டி

சட்டம் கேட்பது இதை மட்டும்தான். இதற்குப் பொதுவாக வண்டியைப் பார்க்க மாட்டார்கள், அதனால் வேகமாகக் கிடைக்கும். கட்டணம் அரசு நிர்ணயிப்பது, எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 1000 சிசி வரைக்கும் 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், 1200 சிசி கார் என்றால் சுமார் 4,031 ரூபாய். உரிமையாளரே ஓட்டுகிறார் என்றால் 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்து கவரும் சேர்க்க வேண்டும், ஏற்கெனவே அதே அளவு கவர் வேறு பாலிசியில் இருந்தால் அதைச் சொல்லி விலக்கு வாங்கலாம். விலை ஒன்றுதான் என்பதால் இங்கே கம்பெனி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், தொடக்க நேரம் எங்கே சீக்கிரம் வருகிறதோ அங்கே வாங்குங்கள்.

பணம் கட்டும் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் 'பாலிசி தொடக்கம்' என்று ஒரு வரி இருக்கும். சில கம்பெனிகள் அதே நாள் அதே நேரம் தருகின்றன, சில அன்றைக்கு நள்ளிரவு கழிந்து தொடங்குகின்றன, பாலிசி முடிந்து இடைவெளி விட்ட வண்டி என்றால் இரண்டு மூன்று நாள் தள்ளித்தான் தருகின்ற கம்பெனிகளும் இருக்கின்றன. இந்த வரியைப் பார்க்காமல் யூபிஐ பின் நம்பரை அடிக்காதீர்கள். இன்றைக்கு 14ஆம் தேதி, நீங்கள் கட்டுவது சாயங்காலம் ஆறு மணி, பாலிசியில் 15ஆம் தேதி 00:00 என்று இருந்தால், இன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி அடித்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். ஆறு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும், தெரியும். காத்திருங்கள்.

ஃபுல் இன்சூரன்ஸும் வேண்டும், அதற்கு நேரம் ஆகும்போல இருக்கிறது என்றால், முதலில் தேர்டு பார்ட்டியை வாங்கிவிட்டு, ஓன் டேமேஜைத் தனியாக நிதானமாகச் சேர்ப்பது ஒரு வழி. 2019 செப்டம்பர் முதல் தனி ஓன் டேமேஜ் பாலிசி விற்பனையில் இருக்கிறது. நீங்கள் குறிவைத்த கம்பெனி உங்கள் வண்டிக்கு அப்படித் தருமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஃபுல் இன்சூரன்ஸும் அந்த வீடியோவும்

பாலிசி முடிந்த காருக்கு ஓன் டேமேஜ் கவர் கொடுக்கும் முன் கம்பெனி வண்டியைப் பார்க்கும். ஏற்கெனவே இடித்துவிட்டு அடுத்த நாள் பாலிசி வாங்குபவர்கள் இருப்பதால் வந்த நடைமுறை இது, நியாயமானதும்கூட. சர்வேயர் வீட்டுக்கு வருவார், இல்லையென்றால் போனுக்கு ஒரு லிங்க் வரும், நீங்களே வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டாவதுதான் வேகம், ஆனால் அதில்தான் பலருக்குப் பாதி நாள் போகிறது.

காரணம் நம் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட். இருட்டு, நெட்வொர்க் கிடையாது, பக்கத்துக் கார் ஒட்டி நிற்கும், நடுவில் தூண். வீடியோ பாதியில் அறுந்தால் முதலிலிருந்து எடுக்கச் சொல்லும். பகல் வெளிச்சத்தில் காரை அப்பார்ட்மென்ட் வளாகத்துக்குள்ளேயே திறந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள், ரோட்டுக்கு வேண்டாம். முதல் நாள் மழையில் சேறு தெறித்திருந்தால் துடைத்துவிடுங்கள், சேறு இருந்தால் கீறல் தெரியவில்லை என்று நிராகரிப்பார்கள். லிங்கில் லொகேஷன் அனுமதி கேட்கும், கொடுக்க வேண்டும். வீடியோவில் நம்பர் பிளேட்டிலிருந்து ஆரம்பித்து காரைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நிறுத்தாமல் வாருங்கள், அப்புறம் முன் கண்ணாடியை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும், சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தை எழுத்து படிக்கிற மாதிரி கிட்டத்தில், இன்ஜின் ஓடும்போது டேஷ்போர்டில் கிலோமீட்டரும் எரியும் வார்னிங் விளக்குகளும். சேசிஸ் நம்பர் எங்கே என்று தேடி நிற்காமல் இருக்க காரோடு வந்த கையேட்டை முன்கூட்டியே பாருங்கள், சில கார்களில் ஓட்டுநர் பக்கத்து சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கினால்தான் தெரியும்.

பழைய டென்ட், கீறல் எதையும் மறைக்காதீர்கள். அவர்கள் அதைக் குறித்துக்கொள்வார்கள், அந்த இடத்துக்கு மட்டும் கிளெய்ம் கிடைக்காது, மற்றபடி பாலிசி கிடைக்கும். மறைத்து வாங்கினால் பின்னால் முழு கிளெய்மும் சிக்கலாகும்.

இங்கே மறுபடியும் அதே விஷயம்தான். பல தளங்கள் முதலில் பணத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் வீடியோ கேட்கின்றன. பணம் போய்விட்டது, ரசீதும் வந்துவிட்டது, ஆனால் வீடியோவை ஏற்கும் வரை பாலிசி கிடையாது. நிராகரித்தால் பணம் திரும்பி வரும், நடுவில் நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. வேறு சிலர் வீடியோவை ஏற்ற பிறகு பணம் கட்ட லிங்க் அனுப்புவார்கள், அந்த லிங்க்குக்குக் கெடு உண்டு, விட்டால் மறுபடியும் வீடியோ. மெசேஜ் வந்ததும் கட்டிவிடுங்கள்.

எங்கே வாங்குவது

கம்பெனியின் சொந்த இணையதளமோ ஆப்போதான் அவசரத்துக்குச் சரியான இடம். டிஜிட், அக்கோ இரண்டும் பெங்களூரிலேயே தலைமையகம் உள்ள கம்பெனிகள், முழுக்க போனிலேயே முடியும். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியன்டல், நேஷனல் என்று நான்கு அரசுக் கம்பெனிகளும் ஆன்லைனில் தருகின்றன. பாலிசிபஜார் மாதிரி ஒப்பிடும் தளங்கள் பல விலைகளை ஒரே இடத்தில் காட்டும், நல்லதுதான், ஆனால் நம்பரைக் கொடுத்த நிமிடத்திலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். முன்பு இருந்த கம்பெனியிலேயே ரினியூ செய்தால் விவரங்கள் ஏற்கெனவே அவர்களிடம் இருப்பதால் தட்டச்சு வேலை குறையும்.

தெரிந்த ஏஜென்ட் இருந்தால் தாராளமாகப் பிடியுங்கள், இன்ஸ்பெக்‌ஷன் சிக்கினால் பேசித் தீர்க்க அவர் உதவுவார். ஆனால் பணத்தை அவருடைய சொந்த யூபிஐ நம்பருக்கு அனுப்பாதீர்கள். கம்பெனி அனுப்பும் லிங்க்கில்தான் கட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு வருகிற தேர்டு பார்ட்டி பாலிசி போலிதான், அரசு நிர்ணயித்த கட்டணத்துக்குக் கீழே யாராலும் தர முடியாது. கையில் வந்த பிடிஎஃப்பில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், அதோடு பாலிசி நம்பரைக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் நீங்களே போட்டு ஒருமுறை டவுன்லோடு செய்து பாருங்கள்.

விலை ஒப்பிடும்போது ஏமாறும் இடங்கள்

ஒரு கம்பெனி 9,000, இன்னொன்று 7,500 என்று காட்டினால் உடனே குறைந்ததை அழுத்தாதீர்கள். ஐடிவி எவ்வளவு என்று பாருங்கள். கார் திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ கிடைக்கும் தொகை அதுதான். காரின் வயது மூன்றிலிருந்து நான்கு வருஷத்துக்குள் என்றால் அட்டவணைப்படி 40 சதவீதம் கழிவு, 10 லட்சம் பட்டியல் விலைக் காருக்கு ஐடிவி 6 லட்சம் சுற்றி இருக்க வேண்டும். 4.5 லட்சம் போட்டு விலையைக் குறைத்துக் காட்டினால் அது மலிவு கிடையாது. இரண்டையும் ஒரே ஐடிவிக்குக் கொண்டுவந்து அப்புறம் ஒப்பிடுங்கள்.

நோ கிளெய்ம் போனஸ் எத்தனை என்று கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். போன வருஷம் கிளெய்ம் வாங்கியிருந்தால் பூஜ்யம். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்க்கும், பொய் தெரிந்தால் ஓன் டேமேஜ் கிளெய்மே நின்றுவிடும்.

ஆட்-ஆன், அதாவது கூடுதல் காசு கட்டிச் சேர்க்கும் கவர்களின் பட்டியல் நீளமாக இருக்கும், பெங்களூருக்கு நான் இரண்டைத்தான் சொல்வேன். ஒன்று ஜீரோ டெப், அதாவது பம்பர் டு பம்பர், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளெய்ம் தருவது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையை உங்களிடமே வாங்குவார்கள், நம் டிராஃபிக்கில் முதலில் உடைவதே பம்பர்தான். கார் பழசாகிவிட்டாலோ பாலிசி இடைவெளி விட்டிருந்தாலோ எல்லாக் கம்பெனியும் தராது, கிடைத்தால் எடுங்கள். இன்னொன்று இன்ஜின் புரொடெக்ட். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், எமலூர், சர்ஜாப்பூர் ரோடு பக்கமெல்லாம் பேஸ்மென்ட்டுகள் நிறைந்து கார்கள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபுல் இன்சூரன்ஸில் வெள்ளச் சேதம் உண்டு, ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது பிடித்துக்கொண்டால் அதை வெள்ளத்தின் நேரடிச் சேதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சேதத்துக்குத்தான் இன்ஜின் புரொடெக்ட், தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் இதை அவசியம் எடுக்க வேண்டும். எடுத்திருந்தாலும் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், டோ செய்யச் சொல்லுங்கள்.

பழைய கார் வாங்கியவர்களுக்கும் புதுக் கார் எடுப்பவர்களுக்கும்

பழைய கார் வாங்கும்போது 'இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு சார்' என்று விற்பவர் சொல்வார். உண்மைதான், தேர்டு பார்ட்டி கவர் சட்டப்படி உங்கள் பக்கம் வந்துவிடும். ஓன் டேமேஜ் தானாக வராது. கை மாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்து பெயர் மாற்ற வேண்டும், அதுவரை உங்கள் கார் இடித்தால் பாலிசியில் இருப்பவர் கார் உரிமையாளர் கிடையாது, உரிமையாளராகிய நீங்கள் பாலிசியில் கிடையாது. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது, அந்த வித்தியாசத்தை உங்களிடம் வாங்குவார்கள். இதே காரணத்தால், உங்கள் பழைய காரை விற்றவர்கள் போனஸ் சான்றிதழ் வாங்கி வையுங்கள், மூன்று வருஷத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படும்.

புதுக் காருக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் ரிஜிஸ்ட்ரேஷன் ஆகாது, அதனால் ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்பார்கள். கட்டாயம் கிடையாது. இன்வாய்ஸில் இன்ஜின், சேசிஸ் நம்பரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வெளியே விலை கேளுங்கள், அந்த விலையைக் காட்டினால் ஷோரூமே இறங்கி வரும்.

தமிழ்நாட்டு நம்பர் காரை, ஹோசூரின் டிஎன் 70 மாதிரி, இங்கே வைத்து ஓட்டுபவர்களுக்கு: பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும், எந்த ஊரில் இடித்தாலும் கிளெய்ம் உண்டு. கார் நிற்கிற இன்றைய முகவரியைக் கொடுங்கள், சர்வேயரும் கடிதமும் அங்கேதான் வரும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கர்நாடகாவில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது தனிக் கதை.

பாலிசி கையில் வந்ததும்

பிடிஎஃப்பைத் திறந்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். தொடக்கத் தேதியும் நேரமும், வண்டி நம்பர், சேசிஸ் நம்பரின் கடைசி எண்கள், பெயர், சிசி, பெட்ரோலா டீசலா, சிஎன்ஜி கிட் இருந்தால் அது குறிப்பிட்டிருக்கிறதா, லோன் பேங்க், ஐடிவி, போனஸ் சதவீதம். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அன்றைக்கே கம்பெனிக்கு மெயில் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தத்தை எண்டார்ஸ்மென்ட் என்று தனித்தாளாகத் தருவார்கள், அதையும் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

எம்பரிவாஹனில் புதிய பாலிசி ஏறச் சில நாள் ஆகலாம். அதுவரை டிராஃபிக் போலீஸ் கேட்டால் காட்ட பிடிஎஃப் போனிலும், ஒரு பிரிண்ட் டாஷ்போர்டிலும் இருக்கட்டும். பக்கத்து பெட்ரோல் பங்க்கில் எமிஷன் டெஸ்ட் சர்டிபிகேட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள், இன்சூரன்ஸ் முடிந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் முடிந்திருக்கும்.

பணத்தை வாங்கிக்கொண்டு பாலிசியும் தராமல், திருப்பியும் தராமல் இழுத்தடித்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு மெயிலுக்கு எழுத்தில் அனுப்புங்கள், பதில் சரியில்லையென்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், போனில் என்றால் 155255. பணம் கட்டிய ரசீது, வீடியோ அனுப்பிய நேரம் காட்டும் மெசேஜ் இரண்டையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகாரில் முதலில் கேட்பது அதைத்தான்.